கால் கூசுற குதிரைக்கு என்ன லாடம்?

எங்கட பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கூரானது. உள்ளங்குளம்பு மெல்லிசான குதிரை அதில மிதிக்கப் பயப்படும். வாயில்லாச் சீவன், சொல்லவா தெரியும்? முதல் பெருவிரலால குளம்பின்ர அடியை அமத்திப் பாருங்கோ. அமுங்கினால் ஒடுங்கின லாடம் வேண்டாம். அகலப் பட்டை லாடம் எடுத்து, இடையில தோல் அல்லது ரப்பர் தகடு வையுங்கோ. லாடத்தின்ர பாரம் குளம்பின்ர சுவரிலதான், அதாவது வெளிப்பக்கக் கடின ஓட்டிலதான் இருக்கவேணும், உள்விளிம்பு உள்ளங்குளம்பை அமத்தவே கூடாது. ஒரு கடதாசி நுழையுற இடைவெளியாவது தெரியவேணும். மாரியில குளம்பு ஊறிச் சுவர் உதிரும், ஆணி பிடிக்காது. அப்ப கழற்றிப் போடுற ரப்பர் சப்பாத்துத்தான் என்ர தெரிவு. இரவில கழற்றிக் காயவிடுங்கோ. லாடம் அடிச்சிருந்தால் 6 கிழமைக்கு ஒருக்கால் குளம்பைச் சீவி, லாடத்தைத் திரும்ப அடியுங்கோ. குளம்பில விடாமல் சூடு இருந்தால் முதல் மிருக வைத்தியர், லாடம் பிறகு.