‘கைஸ்’ என்று யாரை அழைக்கலாம்?

‘ஹாய் கைஸ்’ என்பதில் வரும் ஆங்கிலச் சொல்லான ‘கை’ (guy), ‘கங்கை’யின் கடைசி எழுத்தைப் போல ஒலிக்க வேண்டியது. ஆள், ஆசாமி என்பதுதான் பொருள். எளிய சொல்தான், ஆனால் ஒருமையில் ஒரு விதமாகவும் பன்மையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

ஒருமையில் ஆணை மட்டுமே குறிக்கும். ‘எ கை கால்ட்’ என்றால் யாரோ ஒருத்தன் போன் செய்தான் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். எதிரே இருப்பவர்களை ‘யூ கைஸ்’ என்று விளிக்கும்போது கதை வேறு. ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கும், பெண்கள் மட்டுமே உள்ள குழுவுக்கும்கூடச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ எல்லோருக்கும் ‘யூ’ ஒன்றுதான். அந்த ஓட்டையை அடைக்க இது உதவுகிறது. ஆனால் அங்கே இல்லாதவர்களைப் பற்றி ‘த கைஸ்’ என்று பேசினால் மறுபடி ஆண்கள்தான். பலர் வழுக்குவது இந்த இடத்தில். சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் ‘நீங்கள்’ வருமா, ‘அவர்கள்’ வருமா என்று பாருங்கள். ‘அவர்கள்’ வந்தால் பெண்களைச் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

விளிக்கும்போதும் சில பெண்களுக்கு இது பிடிப்பதில்லை. அறிமுகமில்லாத கூட்டத்தில் ‘எவ்ரிஒன்’ பாதுகாப்பானது. வேலை விண்ணப்பத்திலும் புகார்க் கடிதத்திலும் ‘கைஸ்’ வேண்டவே வேண்டாம்.

கூட்டுச்சொற்களில் நேர்ப்பொருள் ஏமாற்றும். ‘ஃபால் கை’ கீழே விழுந்தவன் அல்ல, பிறர் செய்த தப்புக்குப் பலிகடா ஆனவன். ‘வைஸ் கை’ ஞானி அல்ல, திமிராக மடக்கிப் பேசுகிறவன். அமெரிக்க மாஃபியா வட்டாரத்திலோ கும்பலைச் சேர்ந்தவன்.

இந்தச் சொல் ஒரு மனிதரின் பெயராக இருந்தது. 1605 நவம்பர் 5, லண்டன். நாடாளுமன்றத்தைத் தகர்க்கும் சதியில், அதன் பிரபுக்கள் சபைக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். 1606 ஜனவரியில் மரண தண்டனை. சதி முறிந்ததை ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று தீ மூட்டிக் கொண்டாடும் வழக்கம் இங்கிலாந்தில் வந்தது. அதில் எரித்த கந்தல் பொம்மைக்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் கோமாளித்தனமாக உடுத்தியவரையும் அப்படிக் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கேலி தேய்ந்து, வெறும் ‘ஆள்’ என்று ஆகிவிட்டது.

கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘கை’ என்றே பெயர். அதன் வேர் வேறு. ஃபாக்ஸோடு முடிச்சுப் போட வேண்டாம்.