திருகோணமலை ஊழியக் குடும்பத்துக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள்: முதல்முறை உபசரிப்பவர்களுக்கான செய்முறை

திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து இலங்கையின் திருகோணமலையில் கிறிஸ்தவ ஊழியம் செய்யும் குடும்பத்துக்கு, "லீவுக்கு நாங்க எல்லாரும் வர்றோம்" என்று போன் வந்தால் முதலில் சந்தோஷம். வைத்த கையோடு கவலை. வாடகை வீடு சின்னது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், வீட்டு ஜெபக்கூட்டங்களை நிறுத்த முடியாது. வருகிறவர்களில் சிலருக்குக் கடல் பார்க்க ஆசை, சிலருக்கு "ஊழியத்தைப் பார்க்க" ஆசை. நான் பார்த்தவரை மனஸ்தாபம் எல்லாம் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதிலிருந்துதான் வருகிறது. அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் அவர்கள் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை.

படி 1: மாதத்தை நீங்கள் சொல்லுங்கள்

எல்லாரும் கேட்பது கிறிஸ்துமஸ். உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதமும் அதுதான். போதாததற்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு ஓடாது, துவைத்த துணி காயாது. மே முதல் செப்டம்பர் வரை நம் பக்கத்துக் கடல் குளம்போல் கிடக்கும். தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையும் மே மாதத்தில் வருவதால் அதையே சொல்லுங்கள். வெயிலும் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றும் வாட்டும்தான். நெல்லைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 2: விசா, வழி

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் புறப்படும் முன்பே இணையத்தில் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை அரசின் தளத்தில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் வாரத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் காரில் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரலாம். ஐந்தாறு மணி நேரம் ஆகும். பகலிலேயே வந்து சேரும்படி விமான நேரத்தைப் பாருங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இருட்டிய பிறகு யானைகள் சாலையைக் கடக்கும். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலும் உண்டு. ஓடுகிறதா, இடம் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் கிடைத்தால், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வருவதும் சுகம்தான்.

படி 3: பெட்டியில் என்ன

கருப்பட்டி வேண்டாம், இங்கே பனங்கட்டி தாராளம். முதலூர் மஸ்கோத் அல்வா கட்டாயம் வேண்டும். மூத்தவர்களின் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு, தங்கும் நாளுக்கும் சற்றுக் கூடுதலாக வரட்டும். இங்கே புதிய வீடுகளில் சதுர முள் பிளக் இருப்பதால், நம்மூர் உருண்டை முள் சார்ஜருக்கு மாற்றுப் பிளக் ஒன்றிரண்டு நீங்களே வாங்கி வையுங்கள். யுபிஐ 2024 பிப்ரவரியிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது என்று மாமா சொல்வார். சொல்லட்டும். மீன் சந்தையில் கையில் காசு இருந்தால்தான் வேலை நடக்கும்.

படி 4: போனில் உட்கார்ந்து பேச வேண்டியது

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமே பேசுங்கள். மற்றவர்களுக்கு அவர் சொன்னால்தான் எடுபடும்.

முதலாவது, பிரசங்கம். ஊரில் சபை மூப்பராக இருக்கும் பெரியப்பாவுக்கு இங்கே ஒரு செய்தி கொடுக்க ஆசை வரும். உங்கள் சபையாரும் அன்போடு கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் ஊழியம் செய்யக்கூடாது. மத ஊழியத்துக்கு விசா வகையே வேறு. அவருக்கு வரும் சிக்கல் உங்கள் குடியிருப்பு விசாவையும் தொடும். "பெரியப்பா, நீங்க ஆராதனையில எங்ககூட உட்கார்ந்திருந்தாலே எங்களுக்குப் பெலன்" என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

இரண்டாவது, படம். ஜெபத்துக்கு வரும் அக்காமாரையும் பிள்ளைகளையும் எடுத்து "ஊழியக் களத்தில்" என்று பேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் ஊர் இது. உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர் எல்லாரும் அதைத் தம் வீட்டில் சொல்லியிருப்பார் என்றில்லை. மதமாற்றம் என்ற பேச்சு கிளம்பினால் விருந்தாளி விமானம் ஏறிவிடுவார், பதில் சொல்ல நீங்களும் அந்த அக்காவும்தான் இருப்பீர்கள். குடும்பப் படம் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், சபையார் படம் ஒன்றுகூட வேண்டாம். கடற்படைத் தளத்தையும் சீனன்குடா விமானப்படைப் பகுதியையும் படம் எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உதவி. இரக்கப்பட்டு யாருக்காவது நேராகக் காசு நீட்டுவார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் வந்து நிற்பார். கொடுக்க நினைப்பது எதுவானாலும் உங்கள் கையில் தரட்டும்.

நான்காவதைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும்: எத்தனை நாள் தங்குவார்கள், சாப்பாட்டுச் செலவு எப்படி. ஆதரவாளர்கள் அனுப்பும் காணிக்கையில் ஓடும் குடும்பத்துக்கு ஒரு பெரிய உறவுக்கூட்டம் வந்தால் அந்த மாதம் இழுபறிதான். "வேன் வாடகையை நீங்க பார்த்துக்கோங்க, சாப்பாட்டை நாங்க பார்த்துக்கிறோம்" என்று முன்பே பிரித்துவிட்டால் யாருக்கும் முகம் சுருங்காது.

படி 5: வீடும் அடுப்படியும்

எல்லாரையும் வீட்டிலேயே அடைக்காதீர்கள். தாத்தா பாட்டி உங்களோடு. இளசுகளுக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு அறை. கொசுவலை, குடிநீர் வடிகட்டி இரண்டையும் முதல் நாளே சரிபாருங்கள்.

சமையலில் ஊர்ச் சாப்பாட்டைப் போட்டிபோட்டுச் செய்ய வேண்டாம். அது அவர்களுக்கு அங்கே தினமும் கிடைக்கிறது. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், ஒரு நாள் பாணும் (ரொட்டி) பருப்பும், மதியம் பாரைமீன் குழம்பு, மேலே கிண்ணியா எருமைத் தயிர். அத்தை கரண்டியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) இறைச்சிக் கடை திறக்காது. நாட்காட்டியில் குறித்து வைத்து அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: ஊர் காட்டுவது

காலை வெயில் ஏறுமுன் பிரட்ரிக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறி, இன்றும் உள்ளே ராணுவம் இருக்கிறது. மான்கள் சாலையிலேயே மேயும். பிளாஸ்டிக் பையோடு எதையும் நீட்ட வேண்டாம். கோட்டைக்குள்தான் சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசுவரம். கோயில்வரை வரத் தயங்கும் பாட்டியை வற்புறுத்தாதீர்கள். மான்களோடு நிழலில் உட்காரட்டும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றி மரியாதையாகப் போய், மலை விளிம்பிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு வரலாம்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு மணி நேரம் போதும். புறாத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு. அது தேசியப் பூங்கா, வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், பவளத்தை மிதிக்கக்கூடாது. நிலாவெளிச் சாலையில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மீது குண்டு போட்டதைச் சொன்னால் தாத்தா அங்கிருந்து நகரமாட்டார்.

தினமும் ஊர் சுற்றத் திட்டம் போடாதீர்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி என்றால் வீடியோ காலில் வரும் முகம். வேனில் முன்னும் பின்னும் உட்கார்ந்து போனால் அந்தத் தூரம் குறையாது. பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதையும், இரவு ஜெபத்தில் பாட்டு தெரிவு செய்வதையும், கடற்கரையில் மாலை நடப்பதையும் தாத்தாவிடம் ஒப்படையுங்கள். உங்கள் மகன் திருகோணமலைத் தமிழில் அவருக்கு வழி சொல்லிக்கொண்டு போவான்.

படி 7: ஞாயிறு

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் பையைச் சோதிக்கும் வழக்கம் ஆலயங்களுக்கு வந்தது. பெரிய கைப்பையை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் சபையார் வீடுகளிலிருந்து சாப்பாட்டு அழைப்புகள் குவியும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டால் வருத்தம் வரும். எல்லாரையும் உங்கள் வீட்டுக்கே தேநீருக்குக் கூப்பிட்டுவிடுங்கள். அல்வா அன்றைக்குத்தான் உதவும்.

படி 8: கிளம்பும் நாள்

மாமா உங்கள் கையில் ஒரு கவர் திணிப்பார். "இது வீட்டுக்கா, ஊழியத்துக்கா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஊழியத்துக்கு என்றால் அன்றே கணக்கில் எழுதி, ரசீதின் படத்தை அவர் விமானம் ஏறுமுன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டுக்கு என்றால் மறுவாரம் வரும் மின்கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள், மின்விசிறிகள் இராப்பகலாக ஓடியிருக்கும்.