முதிரைப் பலகை வாளில் இறுகியபோது: என் அனுபவம்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் பட்டறையில், கதவு நிலைக்காக இரண்டு அங்குலத் தடிப்புள்ள முதிரைப் பலகையை மேசை வாளில் நீளவாக்கில் அறுத்தபோது, பாதி வழியில் பலகை இறுகி, வெட்டுமுகமும் கருகியது. வாளில் ஒட்டிய பிசினைக் கழுவினேன். வழிகாட்டிச் சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக நிற்கிறதா என்று அளந்து திருத்தினேன். இரண்டும் பலன் தராமல் மூன்று நாட்கள் வீணாகின.

மாட்டியிருந்தது 80 பற்கள் கொண்ட 10 அங்குல வாள். அது குறுக்கே அறுப்பதற்கு உகந்தது. நார்வழியே அறுக்கும்போது வரும் நீண்ட சீவல்களை அதன் சிறிய பல்லிடைவெளிகளால் வெளியேற்ற முடியாமையால் வாள் சூடேறுகிறது. 24 பல் வாளுக்கு மாறியதும் கருகல் நின்றது. ஆனால் பலகை வாளைச் சற்றுக் கடந்ததுமே தடைப்பட்டது. அறுத்த பிளவு மூடி வாளை இறுக்காதபடி வாளுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டை அப்போதுதான் அளந்தேன்: தகட்டின் தடிப்பு 2.5 மி.மீ., புதிய வாள் வெட்டும் பிளவோ 2.4 மி.மீ. தகட்டைக் கழற்றிவிடலாம் என்று கூட வேலை செய்யும் தம்பி சொன்னார். பலகை நம்மை நோக்கித் திருப்பி எறியப்படும் ஆபத்து இருப்பதால் நான் சம்மதிக்கவில்லை.

வெட்டும் பிளவு 3.2 மி.மீ., பற்களுக்கு உட்புறமுள்ள உடலின் தடிப்பு 2.2 மி.மீ. உள்ள 24 பல் வாளை வாங்கினேன். தகடு இவ்விரு அளவுகளுக்கும் இடையில் பொருந்தியதால், பலகை முழு நீளமும் தடையின்றி அறுபட்டது.