மோட்டார் கொட்டகை லினக்ஸ் கணினியில் சீரியல் மோடம்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத் தோப்புகளில் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எஸ்எம்எஸ் அனுப்ப, ஒரு சிறு லினக்ஸ் கணினியும் சிம்800 மோடமும் போதும். கட்டளைகளை ஒலிப்படி தருகிறோம். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சிம்800 2ஜி மோடம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் எடுக்காது. வேறு சிம் வாங்கி, அதில் பின் நம்பர் (ரகசிய எண்) லாக் இருந்தால் போனில் போட்டு லாக்கை எடுத்துவிடுங்கள்.

அதிகம் தடுக்கி விழுகிற இடம் பவர். மோடத்துக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும். டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கணினியையும் மோடத்தையும் இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டரின் பவர் முனையிலிருந்து அவ்வளவு வராது. மோடத்தின் சிறு விளக்கைப் பாருங்கள். டவரைத் தேடும்போது கிட்டத்தட்ட நொடிக்கு ஒருமுறை மின்னும், கிடைத்தபின் மூன்று நொடிக்கு ஒருமுறை. சில தடவை மின்னி அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் வோல்டேஜ் இறங்குகிறது. தனியாக 4 வோல்ட், 2 ஆம்பியர் சப்ளை கொடுத்து, மோடத்தை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் குறுக்காக இணையுங்கள்; கிரவுண்ட் சப்ளை, மோடம், கன்வர்ட்டர் மூன்றுக்கும் பொதுவாக.

கன்வர்ட்டரைச் செருகி, சுடோ டிமெஸ்ஜி தட்டினால் டிடிஒய்யூஎஸ்பி0 என்று போர்ட்டின் பெயர் வர வேண்டும். சிஎச்340 சிப் உள்ள கன்வர்ட்டர் உபுண்டு 22.04இல் ஒட்டிய கையோடு கழன்றால், பிரெய்ல் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லை என்றால் நீக்குங்கள். அனுமதி மறுப்பு வந்தால்: சுடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட், பிறகு உங்கள் பயனர் பெயர். சின்ன ஏ, பெரிய ஜி. ஏ விட்டுப்போனால் சுடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து உங்களை எடுத்துவிடும், கவனம். பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். மோடம்மேனேஜர் என்ற பின்னணி நிரல் ஓடினால் நிறுத்துங்கள்; அதுவும் போர்ட்டில் ஏடி (மோடத்துக்கான கட்டளைகள்) அனுப்பிப் பதிலைக் குழப்பும்.

இனி மோடத்தோடு பேச மினிகாம் நிரல்: மினிகாம் -எஸ். வேகம் 9600 8என்1 (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்), ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் 'நோ'. முதலில் இது 'எஸ்' என்றே இருக்கும். அப்படியே விட்டால், மூன்று கம்பி இணைப்பில் தட்டுவது எதுவும் மோடத்துக்குப் போகாது. ஏடி என்று தட்டி எண்டர்; ஓகே வராவிட்டால் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள், மோடம் வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு அந்த வேகத்தை நிலைநிறுத்த ஏடி+ஐபிஆர்=9600, சேமிக்க ஏடி&டபிள்யூ.

ஏடி+சிஎஸ்க்யூ சிக்னல் அளவை 0 முதல் 31 வரை காட்டும். 10க்குக் கீழே என்றால் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு வெளியே ஏற்றுங்கள். 99 என்றால் சிக்னலை அளக்கவே முடியவில்லை. நெட்வொர்க்கில் சேர்ந்ததா என்று ஏடி+சிஆர்இஜி? கேட்டால் இரண்டாம் எண் 1 வருவது நல்லது. 5 என்றால் ரோமிங். ஓசூர், தளி எல்லையில் கர்நாடக டவரைப் பிடித்திருக்கலாம்.

எஸ்எம்எஸ்ஸுக்கு ஏடி+சிஎம்ஜிஎஃப்=1 (எழுத்து முறை), பிறகு ஏடி+சிஎம்ஜிஎஸ்= போட்டு மேற்கோளுக்குள் எண். > குறி வந்ததும் செய்தி, முடிவில் கன்ட்ரோல்+இசட். எண்டர் தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும். ஸ்கிரிப்ட்டில் அந்த இடத்தில் 26 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டை அனுப்புங்கள்.