உணவு ஆவணப்படம் பார்த்த மறுநாள் செய்யக் கூடாதவை

உணவுத் தொழிலைப் பற்றிய ஆவணப்படங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். பார்த்த மறுநாள் நாம் எடுக்கிற முடிவுகளில்தான் கவனம் வேண்டும்.

பெரிய தவறு, அமெரிக்கர்களின் தட்டை நம் தட்டு என்று நினைத்துக்கொள்வது. அந்தப் படங்களில் மக்காச்சோள சிரப், அதாவது சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு, அடிக்கடி வில்லனாக வரும். அங்கே மக்காச்சோளத்துக்கு அரசு ஆதரவு அதிகம். குளிர்பானம், சாஸ் என்று பலவற்றிலும் அந்த சிரப் சேர்கிறது. இங்கே இனிப்பு பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையிலிருந்து வருகிறது. கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்திலேயே பழைய சர்க்கரை ஆலை இருக்கிறதே! மஞ்சக்குப்பம் கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, சோள சிரப் இல்லை என்று நிம்மதியாகக் கூடையில் போட்டால் என்ன பயன்? சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருக்கிறதா, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று வேறு பெயரில் மறுபடியும் வருகிறதா என்று பாருங்கள். 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். பெரியவர்களுக்குச் சேர்த்த சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபி, டீயில் போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

உப்பும் அப்படித்தான். படத்தில் சிப்ஸையும் பர்கரையும் பார்த்துவிட்டு, நாம் அதெல்லாம் சாப்பிடுவதில்லை என்று இருந்துவிடுகிறோம். ஊறுகாய், அப்பளம், நெத்திலிக் கருவாடு மூன்றும் ஒரே வேளையில் இலைக்கு வந்தால், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பு என்ன ஆகும்?

அப்புறம், ஒருவர் உடம்பில் நடந்ததை எல்லோருக்கும் பொருத்துவது. 2004-இல் வந்த ‘சூப்பர் சைஸ் மீ’ படத்தில் அதன் இயக்குநர் மார்கன் ஸ்பர்லாக் 30 நாள் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டுமே சாப்பிட்டு ஏறக்குறைய 11 கிலோ கூடினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் இல்லை. பல ஆண்டுகளாகத் தனக்குக் குடிப்பழக்கம் இருந்ததை அவரே 2017-இல் எழுதினார். துரித உணவு நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த உடம்பில் எதனால் எது வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

படத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தாவர உணவை உயர்த்திப் பேசிய ‘தி கேம் சேஞ்சர்ஸ்’ படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேமரூன், பட்டாணிப் புரதத் தொழிலில் முதலீடு செய்தவர். படம் பொய் என்று முடிவுகட்ட இது போதாது. ஆனால் பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தினம் ஒரு முட்டை ஐந்து சிகரெட்டுக்குச் சமம் என்று 2017-இல் ஒரு படம் சொன்னது. அதை நம்பி, சத்துணவில் கொடுக்கும் முட்டையைத் தொடாதே என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் அது. துறைமுகத்து மத்தி மீனும் அப்படியே.

இன்னொன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். உணவாலேயே சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்று படத்தில் யாராவது சொன்னால், அதைக் கேட்டு வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். உணவை மாற்றும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.