சீன மாணவருக்கு ‘ஓபன்’ கற்பிப்பது எப்படி?

‘ஓபன் தி லைட்.’ ஆங்கிலம் பழகும் சீனர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் நிலைத்தே விட்டது. ‘புட் தி லைட்’ என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இதன் காரணம் எளிதில் புரியும். நாம் விளக்கைப் போடுகிறோம், அவர்கள் திறக்கிறார்கள்.

படி 1: ‘காய்’ எங்கெல்லாம் வருகிறது?

சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் திறப்பதற்கு ‘காய்’. மூச்சுச் சேர்த்து, உயர்ந்த குரலில், ஏற்ற இறக்கமின்றிச் சொல்ல வேண்டும். கதவைத் திறப்பது காய், விளக்கைப் போடுவது காய், கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது எல்லாமே காய். கொதிக்கவைத்த நீருக்கும் ‘காய் ஷுய்’ என்றுதான் பெயர். தைவானிலும் ஹாங்காங்கிலும் இந்தச் சொல்லை எழுதும் சித்திர எழுத்துக்குள் இரட்டைக் கதவின் வடிவம் இன்றும் இருக்கிறது. சீனாவின் சுருக்க எழுத்தில் கதவு போய்விட்டது.

காய் வரும் 10 தொடர்களை மாணவரையே எழுதச் சொல்லுங்கள்.

படி 2: தொடர்களைப் பிரித்தல்

ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: திறந்தால் உள்ளே போகவோ பார்க்கவோ எடுக்கவோ வழி கிடைக்கிறதா? கதவு, கடிதம், பாட்டில், கண், கணினிக் கோப்பு எல்லாவற்றுக்கும் ஓபன். ஒரு கருவியை இயங்க வைப்பதென்றால் டர்ன் ஆன். தண்ணீர்க் குழாய்க்கும் டர்ன் ஆன்தான். கைபேசியில்தான் அதிகம் தடுமாறுவார்கள்: அணைந்திருக்கும் போனுக்கு டர்ன் ஆன், அதிலுள்ள செயலிக்கு ஓபன். காருக்கு டிரைவ், கூட்டத்துக்கு ஹேவ்.

படி 3: ஓபனா, ஓபண்டா?

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘தி ஷாப் இஸ் ஓபண்ட்’ என்று எழுதுவார்கள். சரியானது ‘இஸ் ஓபன்’. காரணம் சொல்லின் பிறப்பில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஓபன் முதலில் நிலையைக் குறிக்கும் பெயரடை. ஜெர்மனின் ‘ஆஃபன்’ அதன் உறவுச் சொல். ‘திற’ என்னும் வினை அந்தப் பெயரடையிலிருந்து பிறந்தது. திறந்த நிலையைச் சொல்ல ஓபனே போதும், கடைசியில் ‘ட்’ என்னும் வால் தேவையில்லை.

விதியைவிட மாண்டரினே இங்கு நன்றாக உதவும். ‘மன் காய் ஜ’ என்றால் கதவு திறந்தபடி இருக்கிறது: இஸ் ஓபன். ‘மன் காய் ல’ என்றால் கதவு திறந்துகொண்டது: ஓபண்ட். ‘ஜ’ வந்தால் ஓபன், ‘ல’ வந்தால் ஓபண்ட் என்று 5 வாக்கியங்கள் மாற்றிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

படி 4: குளோஸ்டு

உடனே அடுத்த பிழை வரும்: ‘தி பேங்க் இஸ் குளோஸ்.’ ஓபனைப் பார்த்து இதையும் வெட்டிவிடுகிறார்கள். குளோஸ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல், பிறப்பு வேறு. மூடியிருக்கும் நிலைக்கு ‘குளோஸ்டு’ என்றே சொல்ல வேண்டும். வாலை வெட்டினால் ‘அருகில்’ என்னும் வேறு சொல்லாகக் காதில் விழும்.

விதி தெரிந்தும் பலர் வாயில் கடைசி ‘டு’ விழுந்துவிடும், ஏனெனில் மாண்டரின் அசைகள் அப்படி முடிவதில்லை. பின்னால் உயிரொலியில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துப் பழக்குங்கள். ‘குளோஸ்டு ஆன் சண்டே’யை ‘குளோஸ் - டான் - சண்டே’ என்று பிரித்துச் சொல்ல வைத்தால் ‘டு’ அடுத்த அசையில் ஒட்டிக்கொண்டு தப்பிக்கும்.