கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கழிவில்லாமல் சந்தைக்குக் கொண்டுபோக

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டும் வழக்கம் விவசாயிகளின் நெடுநாள் மனக்குறை. அடியில் அழுகல் கிடக்கும் என்ற சந்தேகத்துக்கு முன்கூட்டியே அறவிடும் காசு அது. நியாயமில்லைத்தான். ஆனால், அடிவரை கொட்டிக் காட்டக்கூடிய பெட்டியோடு போனால்தான் விலை பேச வாய் வரும்.

தோள் இரண்டும் எழும்பி, காம்பு குழிக்குள் இறங்கினதுபோலத் தெரிந்தால் காய் முற்றிவிட்டது. சந்தேகமென்றால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றினது தாழும், மிதப்பது பிஞ்சு. அதைப் பழுக்கவைத்தால் வெம்பிச் சுருங்கும், புளிப்பும் போகாது.

விடியவெள்ளன ஆய வேண்டாம். அந்த நேரம் பால் சீறும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு, வலை கட்டின கொக்கத்தடியால் நீளக் காம்போடு ஆயுங்கள். நிழலில் வைத்துக் காம்பை 1 சென்ரிமீற்றர் விட்டு நறுக்கி, உடனே தலைகீழாகக் கவிழ்த்து, பால் நிலத்தில் சொட்டும்படி இடைவெளி விட்ட தடிகளின்மேல் அரை மணித்தியாலம் வையுங்கள். பால் வழிந்த தோல் ஓரிரு நாளில் கறுக்கும். உள்ளே பழம் நல்லதாக இருந்தாலும், வாங்க வருபவருக்கு அது அழுகல்தான்.

பழுக்கப் பழுக்கக் கறுப்புப் புள்ளி விழுவது பங்கசால். கழுவின காயை 52 பாகை செல்சியஸ் சுடுநீரில் 5 நிமிடம் அமிழ்த்தி, ஆறவிட்டுத் துடையுங்கள். கையை விட்டுச் சூடு பார்ப்பது சரிவராது, வெப்பமானி வேண்டும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பங்கசு சாகாது.

உரப்பையில் கட்டினால் அடிக்காய் நசியும். பிளாஸ்டிக் பெட்டியில் பேப்பர் விரித்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்கள். குவித்து நிரப்பினால் மேற்பெட்டியின் பாரம் முழுக்கப் பழத்தில் இறங்கும். பிறகு பெட்டி எதற்கு? பெரிசு, சிறிசு, வடுப்பட்டது என்று மூன்றாகப் பிரித்து விலையும் வேறாக எழுதுங்கள். நல்லதை மேலே முகப்பாக அடுக்கி ஏமாற்றினால் ஒருமுறைதான் விற்கலாம்.

பழுக்கவைக்க வைக்கல் போதும்: ஒரு வரிசை காய், ஒரு வரிசை வைக்கல், மூன்று வரிசைக்கு மேல் வேண்டாம். காற்றோட்டமான அறையில் ஒரு கிழமைக்குள் கனியும். தினமும் கிளறிப் பாருங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தையும் கெடுக்கும். கார்பைட் போடுவது சட்டவிரோதம். அதில் ஆர்சனிக், பொசுபரசு கலந்திருக்கும். தோல் மஞ்சளாகும், உள்ளே காயாகவே கிடக்கும்.

கறுத்தக்கொழும்பானுக்கு மஞ்சள் நிறமே தேவையில்லை. பழுத்தாலும் தோலில் பச்சை மிஞ்சும். காம்படி மணத்து, தோளை அமத்த இளகினால் பழம். இதைத் தெரியாதவர் 'காய்' என்று விட்டுப் போவார். ஒன்றை வெட்டி வையுங்கள். ஆய்ந்த திகதியைப் பெட்டியில் எழுதுங்கள். அமத்திப் பார்க்கவென்று ஒரு பழத்தைத் தனியாக வைத்தால் மற்றவை கன்றாது.

பழ ஈ குத்தினதை மரத்தடியில் எறிய வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, ஈயாகத் திரும்பி வரும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் போட்டபிறகு ஆழமாகப் புதையுங்கள்.